டூயல் பூட் கணினியில் பூட் லோடர் கெட்டுவிட்டதா? படிப்படியாகச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பூட் லோடர், அதாவது டூயல் பூட் கணினியில் (விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் உள்ள கணினி) அவற்றை எழுப்பும் சிறு புரோகிராம், கெட்டால் உங்கள் ஃபைல்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. ப்ராஜெக்ட், போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அந்தந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரித்த பகுதியில்) அப்படியே இருக்கும். அவை உண்மையில் தொலைவது அதற்கடுத்த அரை மணி நேரத்தில்தான், அதாவது பயத்தில் கண்ட கட்டளையையும் ஓட்டும்போது, அல்லது "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போட்டுடலாம்" என்று முடிவெடுக்கும்போது.

இந்தக் கோளாறைப் பலருக்குச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன், பாதி நேரில், பாதி போனில். திணறியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே இடத்தில்தான் திணறினார்கள்: எது உடைந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பழுதுபார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இங்கே வரிசை முக்கியம். முதல் மூன்று பகுதிகளைப் படிக்காமல் 6க்குக் குதிக்காதீர்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் கணினி: கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வாங்கிய, யூஇஎஃப்ஐ என்ற இன்றைய முறையில் (பழையது பயாஸ்) பூட் ஆகிற லேப்டாப், அதில் விண்டோஸ் 10 அல்லது 11, கூடவே உபுண்டு 22.04 அல்லது 24.04. லினக்ஸ் மின்ட், டெபியன் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதேதான். ஃபெடோரா வைத்திருப்பவர்கள் 6ஆம் பகுதியை அப்படியே செய்யாதீர்கள். யூஇஎஃப்ஐ கணினியில் அங்கே க்ரப்-இன்ஸ்டால் (லினக்ஸின் பூட் லோடரான க்ரப்பை இன்ஸ்டால் செய்யும் கட்டளை) ஓட்டக் கூடாது, ஷிம், க்ரப் பேக்கேஜ்களை மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழி.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் லினக்ஸில் இரண்டும் வேறு வேறு. ஸ்லாஷ், கமா, அடைப்புக்குறி, ஸ்பேஸ் எல்லாம் இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிட்லாக்கர் ரெகவரி கீ, அதாவது விண்டோஸ் என்க்ரிப்ட் செய்து பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் எண். இதைத்தான் எல்லாரும் கடைசியில் தேடுகிறார்கள், நான் முதலில் கேட்கிறேன். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்த உடனேயே டிஸ்க் தானாக என்க்ரிப்ட் ஆகிவிடும். நீங்கள் ஆன் செய்த ஞாபகமே இருக்காது. செக்யூர் பூட்டை (நம்பகமில்லாத புரோகிராமைப் பூட் ஆக விடாத காவல்) மாற்றினாலோ பூட் வரிசையைத் தொட்டாலோ, சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் "ஏதோ மாறியிருக்கிறது" என்று சாவியைத் தராது, நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். வேறொரு போனிலோ கணினியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத் திறந்து, அந்த எண்ணைக் கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து உட்காருங்கள்.

உபுண்டு லைவ் பென்டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) ஒன்று, 8 ஜிபி போதும். நீங்கள் வைத்திருக்கும் அதே பதிப்பாக இருந்தால் நல்லது. வேறு கணினியில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் வைத்துத் தயாரிக்கலாம். அதற்கான ஐஎஸ்ஓவை (உபுண்டுவின் இன்ஸ்டால் ஃபைலை) புதிதாக டவுன்லோடு செய்யுங்கள். இரண்டு மூன்று வருடம் முன்பு செய்த பழைய பென்டிரைவ் செக்யூர் பூட்டில் நின்றுவிடலாம், ஏன் என்று 8ஆம் பகுதியில் வருகிறது.

விண்டோஸே வரவில்லை என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவும் வேண்டும். அப்புறம் சார்ஜர் மாட்டியிருக்கட்டும், போன் பக்கத்தில் இருக்கட்டும். திரையில் வரும் ஒவ்வொரு செய்தியையும் போட்டோ எடுங்கள். பிறகு யாரிடமாவது கேட்க வேண்டி வந்தால் "ஏதோ எரர் வந்துச்சு" என்பதை வைத்து யாராலும் உதவ முடியாது.

2. கணினி எந்த வழியாகப் பூட் ஆகிறது

இது வரலாறு இல்லை, பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத் தேவையான வரைபடம். ஐந்து கண்ணிகள் உள்ள ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படைப் புரோகிராம் எழுகிறது. அது தன் நினைவில் இருக்கும் பூட் பட்டியலைப் பார்க்கிறது. "உபுண்டு", "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று அதில் வரிசையாக இருக்கும். முதலில் இருக்கும் பெயர், டிஸ்க்கில் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு ஃபைலைக் காட்டும். விண்டோஸ் மட்டும் வந்த லேப்டாப்களில் இந்தப் பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 முதல் 260 எம்பி வரைதான், ஃபார்மேட் ஃபேட்32. அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட், உபுண்டு, பூட் என்று மூன்று ஃபோல்டர்கள். உபுண்டு ஃபோல்டரில் ஷிம் என்ற சிறு புரோகிராம் இருக்கும், அது க்ரப்பை எழுப்பும்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. க்ரப்பின் மெனு அந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் கிடையாது. அங்கே இருக்கும் க்ரப்.சிஎஃப்ஜி ஃபைலைத் திறந்து பார்த்தால் மூன்றே மூன்று வரிதான்: இந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அதில் பூட்/க்ரப் ஃபோல்டரை எடுத்துக்கொள், அங்கே உள்ள உண்மையான கான்ஃபிக் ஃபைலைப் படி. அவ்வளவே. லினக்ஸ் பார்ட்டிஷன் அழிந்தாலோ, ஃபார்மேட் ஆகி யூயூஐடி மாறினாலோ, இந்த மூன்று வரி காட்டுகிற முகவரியில் வீடு இருக்காது. க்ரப் எழும், ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் கறுப்புத் திரையில் நிற்கும்.

ஆக வரிசை இது: ஃபர்ம்வேர், பூட் பட்டியல், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள ஃபைல், லினக்ஸ் பார்ட்டிஷனில் உள்ள க்ரப் மெனு, கடைசியாக கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் புரோகிராம். உடைந்த கண்ணியை மட்டும் சரிசெய்தால் போதும்.

3. திரையில் என்ன தெரிகிறது?

எதுவுமே கேட்காமல் நேராக விண்டோஸ் வருகிறதா? பட்டியல் வரிசை மாறியிருக்கிறது. 4ஆம் பகுதி.

கறுப்புத் திரையில் "க்ரப்>" என்றோ "க்ரப் ரெஸ்க்யூ>" என்றோ நிற்கிறதா? 5ஆம் பகுதி. இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் க்ரப் முழுமையாக எழுந்துவிட்டது, மெனு ஃபைல் மட்டும் கிடைக்கவில்லை. ரெஸ்க்யூவில் தன் சொந்த மாட்யூல்களே (துணைப் பகுதிகளே) அதற்குக் கிடைக்கவில்லை. யூஇஎஃப்ஐ உபுண்டுவில் பெரும்பாலும் முதலாவதுதான் வரும், ரெஸ்க்யூ பழைய பயாஸ் முறைக் கணினிகளில் அதிகம்.

மெனு வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை: 7. "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று ஒரு வரி வந்து உடனே அணைந்துவிடுகிறது: 8. உபுண்டு வருகிறது, விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் நீலத் திரையில் பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா சரியில்லை என்கிறது: 9.

உபுண்டு லோகோ வரை வந்து "எமர்ஜென்சி மோட்" என்று நின்றால் அது பூட் லோடர் கோளாறே இல்லை. க்ரப் தன் வேலையை முடித்துவிட்டது. பெரும்பாலும் எஃப்எஸ்டேப் ஃபைலில் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே இணைய வேண்டும் என்ற பட்டியல்) உள்ள ஏதோ ஒரு யூயூஐடி இப்போது டிஸ்க்கில் இல்லை, அதைப் பாருங்கள். இந்த நிலையில் க்ரப்பை நாலு முறை மறுபடி இன்ஸ்டால் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எதுவும் மாறாது.

4. நேராக விண்டோஸ் வந்தால்

கணினியை ரீஸ்டார்ட் செய்து, லோகோ வரும்போதே பூட் மெனு கீயை விட்டு விட்டு அழுத்துங்கள். டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். கீ எடுபடவில்லை என்றால் விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டை க்ளிக் செய்யுங்கள். வரும் நீலத் திரையில் "யூஸ் எ டிவைஸ்" என்று இருந்தால் அதிலேயே உபுண்டு தெரியும்.

பட்டியலில் உபுண்டு இருக்கிறதா? தேர்ந்தெடுங்கள். மெனு வந்துவிட்டால் எதுவுமே கெடவில்லை, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது நடக்கும். ஃபர்ம்வேர் செட்டிங்ஸில் பூட் ஆர்டர் பகுதியில் உபுண்டுவை மேலே ஏற்றி சேவ் செய்தால் முடிந்தது.

சில லேப்டாப்களில் அந்தப் பகுதியே இருக்காது. அப்போது உபுண்டுவுக்குள் போய், கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் (சூடோ என்றால் அட்மின் உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம்):

சூடோ ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர்

பூட் 0000, பூட் 0003 என்று நான்கு இலக்க எண்களோடு பட்டியல் வரும், மேலே பூட் ஆர்டர் என்று ஒரு வரி இருக்கும். உபுண்டுவின் எண் 0003, விண்டோஸின் எண் 0000, பென்டிரைவுக்கு 2001 என்று வைத்துக்கொண்டால்:

சூடோ ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -ஓ 0003,0000,2001

பழைய வரியில் இருந்த எல்லா எண்களையும் எழுத வேண்டும், கமாவுக்குப் பிறகு ஸ்பேஸ் கூடாது. இந்தக் கட்டளை பழைய வரிசையோடு சேர்ப்பதில்லை, முழுதாக மாற்றி எழுதுகிறது. உபுண்டுவின் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, விண்டோஸ் எங்கே என்று தேடியவர்கள் உண்டு.

பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லை என்றால் 6ஆம் பகுதிக்குப் போங்கள்.

5. க்ரப் கறுப்புத் திரையில் நின்றால்

விண்டோஸில் அவசர வேலை இருந்தால் இதை அப்புறம் பார்க்கலாம். பூட் மெனு கீயை அழுத்தி "விண்டோஸ் பூட் மேனேஜர்" எடுத்தால் விண்டோஸ் வந்துவிடும், அதன் ஃபைல்கள் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருக்கின்றன.

சரி, இப்போது லினக்ஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று க்ரப்பையே கேட்போம்:

எல்எஸ்

(எச்டி0) (எச்டி0,ஜிபிடி1) (எச்டி0,ஜிபிடி2) என்று வரிசை வரும். எச்டி எண் 0 முதல், பார்ட்டிஷன் எண் 1 முதல் தொடங்கும். இப்போது ஒவ்வொன்றாக:

எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/பூட்/க்ரப்

எந்த எண்ணுக்கு க்ரப்.சிஎஃப்ஜி என்ற பெயரோடு பட்டியல் வருகிறதோ அதுதான் உங்கள் லினக்ஸ் பார்ட்டிஷன். "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்று வந்தால் பதறாதீர்கள், அது பிட்லாக்கர் போட்ட விண்டோஸ் பார்ட்டிஷனாக இருக்கலாம். அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

கிடைத்துவிட்டதா? உங்கள் எண்ணை வைத்து:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி5)
செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/க்ரப்
நார்மல்

ரெஸ்க்யூ திரையாக இருந்தால் கடைசி வரிக்கு முன் "இன்ஸ்மாட் நார்மல்" என்று ஒரு வரி கூடுதலாக வேண்டும், அங்கே அந்த மாட்யூல் இன்னும் ஏறியிருக்காது. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஸ்பேஸ் விடாதீர்கள், விட்டால் ஏற்காது. வழக்கமான மெனு வந்து உபுண்டு திறக்கும்.

ஆனால் இது தற்காலிகம். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அதே கறுப்புத் திரைதான். உபுண்டு திறந்த உடனே, வேறு எதையும் செய்யும் முன், டெர்மினலில் "சூடோ க்ரப்-இன்ஸ்டால்", பிறகு "சூடோ அப்டேட்-க்ரப்" ஓட்டுங்கள். முதலாவது, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள அந்த மூன்று வரி முகவரியைத் திருத்தும். இரண்டாவது, மெனுவை மறுபடி எழுதும். லைவ் பென்டிரைவுக்குத் தேவையே இருக்காது.

எந்தப் பார்ட்டிஷனிலும் பூட்/க்ரப் கிடைக்கவில்லை என்றால்? ஒரு கல்லூரி மாணவர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டார், இதே கறுப்புத் திரை. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தோம், இல்லை. "அன்னைக்கு விண்டோஸ்ல ஏதாவது பண்ணீங்களா?" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்: சி டிரைவில் இடம் குறைந்ததால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, பெயரில்லாமல் இருந்த 60 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றை அழித்திருக்கிறார். விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாது, அதனால் பெயரில்லாமல் காட்டும். அவருடைய லினக்ஸே அதுதான்.

நல்லவேளை, அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதவில்லை, சி டிரைவையும் பெரிதாக்கவில்லை. லைவ் பென்டிரைவில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை இன்ஸ்டால் செய்து தேட வைத்தோம், பழைய பார்ட்டிஷன் பட்டியலில் வந்தது. முதலில் உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகுதான் "ரைட்" கொடுக்கச் சொன்னேன். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விண்டோஸைக்கூடத் திறக்காதீர்கள். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாத வரை மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

6. லைவ் பென்டிரைவிலிருந்து க்ரப்பை மறுபடி இன்ஸ்டால் செய்வது

உபுண்டு பட்டியலிலேயே இல்லை, அல்லது 5ஆம் பகுதியில் சொன்ன வழி எடுபடவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

6.1 பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்யுங்கள். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருப்பதை எடுங்கள். "ட்ரை உபுண்டு" கொடுத்து உள்ளே போய்:

எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ

பட்டியல் வந்தால் சரி. அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றால் பழைய முறையில் பூட் ஆகியிருக்கிறீர்கள், ரீஸ்டார்ட் செய்து மற்றதை எடுங்கள். இதைச் சோதிக்காமல் போனால் கடைசிப் படியில்தான் எரர் வரும், அதுவரை செய்ததெல்லாம் வீண்.

6.2 எது எந்தப் பார்ட்டிஷன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எல்எஸ்பிஎல்கே -எஃப்

எக்ஸ்ட்4 என்று இருப்பது லினக்ஸ், என்டிஎஃப்எஸ் அல்லது பிட்லாக்கர் என்று இருப்பது விண்டோஸ், விஃபேட் என்று இருப்பது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். கவனம், உங்கள் பென்டிரைவும் விஃபேட் என்றுதான் காட்டக்கூடும். என்விஎம்ஈ0என்1 என்று தொடங்குவது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி, எஸ்டிஏ, எஸ்டிபி என்று இருப்பது பென்டிரைவாக இருக்கலாம். -எஃப் இல்லாமல் வெறும் எல்எஸ்பிஎல்கே ஓட்டினால் அளவு தெரியும், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஸ்எஸ்டியே தெரியவில்லையா? இன்டெல் லேப்டாப்களில் ஃபர்ம்வேரில் விஎம்டி அல்லது ரெய்டு என்ற டிஸ்க் முறை ஆன் ஆகியிருந்தால் இப்படி நடக்கலாம். அதை உடனே ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றாதீர்கள், மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் பூட் ஆகும்படி செட் செய்துவிட்டு, அப்புறம் ஃபர்ம்வேரில் மாற்றி, விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் எழுந்த பிறகு அந்த செட்டிங்கை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் அது புதிய டிரைவரை ஏற்றிக்கொள்ளும்.

6.3 லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்யுங்கள், அதாவது ஒரு ஃபோல்டரில் இணையுங்கள். அது 5ஆவது என்றால்:

சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்ஈ0என்1பி5 /எம்என்டி
எல்எஸ் /எம்என்டி

இடிசி, ஹோம், யூஎஸ்ஆர், பூட் என்று ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். உங்கள் யூசர் பெயர் மட்டும் தெரிந்தால் தனியாக வைத்த ஹோம் பார்ட்டிஷனை மவுண்ட் செய்திருக்கிறீர்கள். க்ரப் ஃபோல்டரும் விஎம்லினஸ் என்று தொடங்கும் ஃபைல்களும் மட்டும் தெரிந்தால் அது தனி பூட் பார்ட்டிஷன், அதை /எம்என்டி/பூட் என்ற இடத்தில் மவுண்ட் செய்ய வேண்டும், ரூட் பார்ட்டிஷனை (இடிசி, யூஎஸ்ஆர் இருப்பதை) மவுண்ட் செய்த பிறகு.

6.4 ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் மவுண்ட் செய்யுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது, உள்ளே இருப்பது பிறகுதான்.

சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்ஈ0என்1பி1 /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ

"சூடோ எல்எஸ் /எம்என்டி/பூட்/ஈஎஃப்ஐ/ஈஎஃப்ஐ" என்று பாருங்கள், கடைசி ஈஎஃப்ஐ மட்டும் பெரிய எழுத்தில். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் தெரிந்தால் சரியான இடம். இரண்டு டிஸ்க் உள்ள கணினியில் இரண்டு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கலாம். உபுண்டு எதைப் பயன்படுத்தியது என்று /எம்என்டி/இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் உள்ள யூயூஐடியை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

6.5 லைவ் சிஸ்டத்தின் நான்கு ஃபோல்டர்களை உள்ளே இணையுங்கள்:

சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்

இதையே ப்ராக், சிஸ், ரன் மூன்றுக்கும் பெயரை மாற்றி ஓட்டுங்கள். டெவ் இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாது. சிஸ் இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் பட்டியலில் எழுத முடியாது. ரன் எதற்கு என்றால், உள்ளே போன பிறகு இன்டர்நெட் பெயர்களைக் கண்டுபிடிக்கும் ஃபைல் அங்கேதான் இருக்கிறது.

6.6 உள்ளே போங்கள்:

சூடோ சிஎச்ரூட் /எம்என்டி

ப்ராம்ப்ட் மாறும். இனி தட்டுவதெல்லாம் பென்டிரைவில் இல்லை, உங்கள் சொந்த உபுண்டுவில் நடக்கும்.

6.7 க்ரப்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். யூஇஎஃப்ஐயில் டிஸ்க் பெயர் கொடுக்கத் தேவையில்லை. "நோ எரர் ரிப்போர்டட்" என்று முடிய வேண்டும். ஈஎஃப்ஐ டைரக்டரி கிடைக்கவில்லை என்றால் 6.4 விட்டுப்போயிருக்கிறது. ஈஎஃப்ஐ வேரியபிள்கள் இல்லை என்றால் 6.1 அல்லது 6.5.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட்" என்பதற்கு மட்டும் இரண்டு அர்த்தம் உண்டு. "பூட் வேரியபிள்" என்ற சொல்லோடு சேர்ந்து வந்தால் நிறைந்திருப்பது டிஸ்க் இல்லை, ஃபர்ம்வேரின் நினைவு. பட்டியலில் தேவையில்லாத பழைய பதிவுகளை அழித்தால் சரியாகும். இல்லாவிட்டால் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனே நிறைந்துவிட்டது. பயாஸ் அப்டேட் விட்டுப்போன ஃபைல்கள் அங்கே கிடக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

6.8 அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள். "ஃபவுண்ட் லினக்ஸ் இமேஜ்" என்று வரிகள் வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை என்றால் தனி பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய மறந்திருக்கிறீர்கள்.

6.9 "எக்ஸிட்" கொடுத்து வெளியே வந்து, ரீபூட் செய்து, பென்டிரைவைக் கழற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் நேராக விண்டோஸே வருகிறதா? சில லேப்டாப்களின் ஃபர்ம்வேர் நாம் எழுதும் பட்டியலை மதிக்காது. அப்போது 6.7இல் "க்ரப்-இன்ஸ்டால் --ரிமூவபிள்" ஓட்டுங்கள். எல்லா ஃபர்ம்வேரும் கடைசியாகத் தேடிப் பார்க்கும் பொது இடம் ஒன்று உண்டு, ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், க்ரப்பை அங்கே வைத்துவிடும். விண்டோஸின் லோடர் ஃபைலை வேறு பெயருக்கு மாற்றி அந்த இடத்தில் க்ரப்பை வைக்கச் சொல்லும் குறிப்புகளும் சுற்றுகின்றன. செய்யாதீர்கள், அடுத்த விண்டோஸ் அப்டேட் தன் ஃபைலைத் திரும்ப வைக்கும், இந்த முறை இரண்டுமே குழம்பும்.

பழைய பயாஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு: 6.4 வேண்டாம், 6.7இல் டிஸ்க் பெயர் கட்டாயம். எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கைக் கொடுங்கள், எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனைக் கொடுக்காதீர்கள்.

7. மெனுவில் விண்டோஸ் இல்லை

விண்டோஸ் அழிந்துவிட்டது என்று நினைத்து அழாத குறையாகக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு செட்டிங்தான். 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற சிஸ்டம்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் பாதுகாப்புக் கருதி தானாக ஓடுவதில்லை.

சூடோ நேனோ /இடிசி/டிஃபால்ட்/க்ரப்

இந்த ஃபைலின் கடைசியில், எல்லாம் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டு: க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்= என்று எழுதி, அதை ஒட்டிச் சிறிய எழுத்தில் ஃபால்ஸ். "டிஸேபிள் என்பது பொய்", அதாவது ஓடட்டும் என்று பொருள். ட்ரூ என்று போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் அதிகம். சேவ் செய்து சூடோ அப்டேட்-க்ரப்.

அப்படியும் வரவில்லை என்றால் விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து பயாஸ் மோட் என்ன என்று பாருங்கள். லெகசி என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கின்றன. ஒரு முறையில் எழுந்த க்ரப்பால் மற்ற முறையில் இருப்பதை எழுப்ப முடியாது.

8. செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய ஷிம் பதிப்புகளைத் தடை செய்தது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தாலும் பல கணினிகளில் தொட்டுவிட்டது. எஸ்பேட் (எந்தப் பதிப்புகளுக்குத் தடை என்று குறிக்கும் பட்டியல்) என்ற சொல்லோடு ஒரு வரி வந்து கணினி அணைந்துவிடும். பழைய லைவ் பென்டிரைவும் அதே காரணத்தால் நின்றுவிடும்.

48 இலக்க எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள். உபுண்டுவைத் திறந்து:

சூடோ எம்ஓகேயூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்

ரீஸ்டார்ட் செய்து, செக்யூர் பூட் ஆஃபில் இருக்கும்போதே இன்னொரு முறை உபுண்டுவுக்குள் போங்கள். அந்தத் தடைப் பட்டியலை அழிக்கும் வேலை அந்தப் பூட்டின்போதுதான் நடக்கிறது, இதை விட்டுவிட்டால் பழைய நிலையேதான். அப்படியே சூடோ ஏபிடி அப்டேட், சூடோ ஏபிடி அப்கிரேட் ஓட்டிப் புதிய ஷிம்மை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்யலாம்.

9. விண்டோஸின் லோடர் கெட்டிருந்தால்

இரண்டுமே கெட்டிருந்தால் இதை முதலில் செய்யுங்கள், அப்புறம் க்ரப். விண்டோஸ் தன் லோடரை எழுதும்போது தன்னைப் பட்டியலில் முதலில் வைத்துக்கொள்ளும், வரிசையை மாற்றிச் செய்தால் க்ரப் வேலையின் ஒரு பகுதியை மறுபடி செய்ய வேண்டும்.

விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கறுப்புப் பெட்டி திறக்கும். டிஸ்க்பார்ட் என்று கொடுத்து, பிறகு லிஸ்ட் வால்யூம். ஃபேட்32, பெரும்பாலும் 100 முதல் 260 எம்பி வரை இருப்பதன் எண்ணைப் பாருங்கள், அது 3 என்றால்:

செலக்ட் வால்யூம் 3
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

அடுத்து "டிர் சி:\விண்டோஸ்" என்று பார்க்க வேண்டும். ரெகவரியில் டிரைவ் எழுத்துகள் மாறிவிடும். உங்கள் விண்டோஸ் டி என்றோ ஈ என்றோ இருக்கலாம். எந்த எழுத்தில் இருக்கிறதோ அதை வைத்து:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரு வரி வரும், அவ்வளவே.

பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட் என்று முயன்று "அக்ஸஸ் டினைடு" வாங்கியவர்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். /ஃபிக்ஸ்எம்பிஆர் பழைய முறைக்கானது, யூஇஎஃப்ஐயில் எந்தப் பயனும் இல்லை. அந்த எரரைப் போக்க ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யச் சொல்லும் குறிப்புகள்தான் ஆபத்து: உபுண்டு ஃபோல்டரும் சேர்ந்து போகும், யூயூஐடியும் மாறும். பிறகு க்ரப்பைச் சரிசெய்தாலும் எஃப்எஸ்டேப்பில் பழைய எண் இருப்பதால் எமர்ஜென்சி மோடில் நிற்கும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், 6ஆம் பகுதியை முடிக்கும்போது எல்எஸ்பிஎல்கே -எஃப் காட்டும் புதிய எண்ணை எஃப்எஸ்டேப்பில் மாற்றி எழுதிவிடுங்கள்.

10. சரியான அன்றே செய்ய வேண்டியவை

இரண்டையும் இரண்டு முறை பூட் செய்து பாருங்கள், ஒருமுறை ரீஸ்டார்ட்டில், ஒருமுறை முழுதாக அணைத்து. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான், அந்த நிலையில் லினக்ஸ் சி டிரைவைத் தொட்டால் ஃபைல் சிஸ்டம் கெட வாய்ப்புண்டு.

உபுண்டுவில் "சூடோ சிபி -ஆர் /பூட்/ஈஎஃப்ஐ" என்று தொடங்கி உங்கள் பேக்கப் பென்டிரைவின் பாதையைக் கொடுத்து, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை முழுதாக நகல் எடுங்கள். பெரும்பாலும் நூறு எம்பிகூட வராது. ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர், எல்எஸ்பிஎல்கே -எஃப் இரண்டும் காட்டுவதைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த 48 இலக்க எண் எழுதிய காகிதத்தோடு. அப்புறம் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் பெயரில்லாமல் தெரியும் லினக்ஸ் பார்ட்டிஷனின் அளவையும் அதே காகிதத்தில் எழுதி, பக்கத்தில் "தொடக் கூடாது" என்று குறித்துவிடுங்கள். வீட்டில் அந்தக் கணினியை வேறு யாராவது பயன்படுத்தினால் அவர்களிடமும் காட்டுங்கள்.